வளர்ந்த பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கு: பென்ஷனும் கிராண்டும் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பிடித்துவைத்துக் கேட்கும் கேள்விகள் இவை. அரசு உதவித்தொகைகளை (கிராண்ட்) வழங்கும் சாசா அலுவலகத்தின் பாரங்களை நிரப்பிக் கொடுத்துப் பழகியவன் நான், வக்கீல் அல்ல. தொகைகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், முறை அவ்வளவாக மாறாது. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெயரில் வரும் பணம் உங்கள் காலத்தோடு நின்றுவிடும். பிள்ளைக்கு உரியது பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே.

எனக்கு 62 வயது, மனைவிக்கு 59. மகனுக்கு 35, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். எங்கள் வீட்டுக்கு என்னென்ன வரலாம்?

உங்களுக்கு முதியோர் பென்ஷன். ஆண், பெண் இருவருக்கும் 60 வயதில் கிடைக்கும். (முன்பு ஆண்களுக்கு 65 ஆக இருந்தது, 2008 முதல் படிப்படியாகக் குறைத்து 2010இல் சமமாக்கினார்கள்.) மனைவிக்கு அடுத்த ஆண்டு. கணவன் வாங்குகிறார் என்பதற்காக மனைவிக்கு மறுக்க மாட்டார்கள். வருமானச் சோதனையில் தேறினால் இருவருக்கும் தனித்தனியாக உண்டு.

மகனுக்கு டிசபிலிட்டி கிராண்ட், அதாவது இயலாமைக்கான உதவித்தொகை. 18 முதல் 59 வயது வரை அது. 60 ஆனதும் முதியோர் பென்ஷனாக மாறிவிடும். அதன் மேல், இன்னொருவர் முழுநேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் இருந்தால் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகையும் உண்டு. நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாமல் போவது இந்த மூன்றாவதுதான்.

முதியோர் பென்ஷனும் டிசபிலிட்டி கிராண்டும் ஒரே அளவு. 2024 ஏப்ரலில் 2,180 ராண்டாக இருந்தது, அக்டோபரில் 2,190 ஆனது. 2025 ஏப்ரலில் 2,300ஐத் தாண்டிவிட்டது. 75 வயதைக் கடந்தவர்களுக்கு 20 ராண்டு கூடுதல். கிராண்ட்-இன்-எய்ட் 2024இல் 530, 2025இல் 560. ஒரே ஆள் தனக்காக முதியோர் பென்ஷனையும் டிசபிலிட்டி கிராண்டையும் சேர்த்து வாங்க முடியாது. கிராண்ட்-இன்-எய்ட் மட்டும் இரண்டில் எதோடும் சேரும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். வேலைக்குப் போக முடியாத மாற்றுத்திறனாளி மகள் இருக்கிறாள், 34 வயது. பென்ஷன் நன்றாகவே வருகிறது. "உங்களுக்கெல்லாம் சாசா வாசலில் என்ன வேலை?" என்கிறார்கள். சரிதானா?

உங்கள் மட்டில் சரிதான். உங்கள் மகள் மட்டில் முழுத் தவறு. நம் ஊரில் வருடக்கணக்காகக் கோட்டைவிடப்படும் பணம் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேர் டிபெண்டன்சி கிராண்ட் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கானது; அதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். அப்போது "உங்கள் சம்பளம் அதிகம்" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், அந்தச் சொல்லையே தலைவிதியாக எடுத்துக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் 18 முடிந்ததும் கணக்கு மாறுகிறது. டிசபிலிட்டி கிராண்டுக்கு விண்ணப்பிப்பவர் உங்கள் மகள். சோதிக்கப்படுவது அவருடைய வருமானமும் சொத்தும், திருமணமாகியிருந்தால் கணவருடையதும். அப்பாவின் பென்ஷனோ அம்மாவின் வாடகை வருமானமோ அந்தக் கணக்கில் வராது. தனிநபர் என்றால் 2024இல் மாதம் 8,000 ராண்டு அளவில் இருந்தது வருமான வரம்பு, தம்பதிக்கு அதைப்போல் இரு மடங்கு. வேலைக்கே போகாத, வங்கியில் ஒன்றுமில்லாத 34 வயதுப் பெண் அந்த வரம்பை எங்கே தாண்டப்போகிறார்?

கிராண்ட்-இன்-எய்டுக்குத் தனியாக வருமானச் சோதனை கிடையாது. அடிப்படைக் கிராண்ட் கிடைத்தவருக்கு முழுநேரப் பராமரிப்பு தேவை என்று மருத்துவ அறிக்கை சொன்னால் போதும்.

முதியோர் பென்ஷனுக்கும் இதே சோதனைதான், ஆனால் அங்கே நீங்களும் உங்கள் துணையும் சோதிக்கப்படுவீர்கள். குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாட்ஸ்வர்த்தில் வீடு இருக்கிறதே, கேட்டால் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து விண்ணப்பிக்காமல் காலத்தைக் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் கூடக்கூடத் தொகை குறையும், அவ்வளவுதான்.

கிராண்ட்-இன்-எய்ட் பராமரிக்கும் அம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளமா?

இல்லை. பராமரிப்பு தேவைப்படுகிறவருக்கு, அவர் பெயரில் வருவது. அதிலிருந்து பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கலாம் என்பது எண்ணம். பிள்ளைக்காக வேலையை விட்ட தாய்க்கு இந்த நாட்டில் தனிச் சம்பளமும் இல்லை, அந்த ஆண்டுகளைச் சேவையாக எண்ணும் பென்ஷனும் இல்லை. இருபது வருடம் இரவில் இருமுறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைத்த உழைப்பு அரசின் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

60 வயதுக்கு முந்தைய காலத்தில் கையில் ஒன்றும் இல்லாத தாய் கேட்கக்கூடியது 370 ராண்டு நிவாரணத் தொகை மட்டுமே. கோவிட் காலத்தில் 350ஆகத் தொடங்கியது அது. அதற்கு உங்கள் வங்கிக் கணக்கில் மாதம் 624 ராண்டுக்குமேல் வரவு இருக்கக்கூடாது. பிள்ளையின் பணத்தை உங்கள் கணக்கில் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இது ஒரு காரணம்.

மகளுக்கு அடுத்த மாதம் 18 ஆகிறது. கேர் டிபெண்டன்சி கிராண்ட் தானாக மாறுமா?

மாறாது. 18 நிறையும் மாதக் கடைசியோடு அது நின்றுவிடும். புதிதாக, மகளின் பெயரில், மகளின் அடையாள அட்டையோடு டிசபிலிட்டி கிராண்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர மூன்று மாதம்வரை ஆகலாம்; கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். ஆக, தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். அடையாள அட்டையை 16 வயதிலேயே எடுத்துவிடுங்கள். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால் அதை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள்.

மருத்துவச் சோதனையில் "இயலாமை இல்லை" என்று எழுதிவிட்டார்கள். பிள்ளையைப் பார்த்தாலே தெரியாதா?

பார்த்தால் தெரியாமல் போவதற்கு நாமே வழிசெய்கிறோம். ஒரு குடும்பத்தோடு துணைக்குப் போயிருந்தேன். பையனுக்கு இருபத்தாறு வயது. அறிவு வளர்ச்சி ஐந்து வயதுக்குரியது. அம்மா காலையிலேயே குளிப்பாட்டி, தலைவாரி, விபூதி வைத்து, தீபாவளிச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார். டாக்டர் பெயர் கேட்டார், பையன் சிரித்தபடி பெயரைச் சொன்னான். "வீட்டு வேலை செய்வானா?" என்று கேட்டதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் செய்வான் டாக்டர், தட்டெல்லாம் எடுத்து வைப்பான், பூப்பறிப்பான்" என்றார். பேனா ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டைப் பொத்தானை யார் போட்டது, கழிவறைக்கு யார் கூடப் போவது, தெருவில் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

நாலு பேர் முன்னால் பிள்ளையைக் குறைத்துப் பேச எந்தத் தாய்க்கும் நாக்கு வராது. அதனால் வாயால் சொல்ல வேண்டாம், முந்தின நாள் இரவே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். காலை எழுவதிலிருந்து தூங்கும்வரை எதற்கெல்லாம் உங்கள் கை வேண்டும் என்று எழுதுங்கள். வலிப்பு எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பணத்தை எண்ணத் தெரியுமா, அடுப்பருகே விடலாமா என்பதும் இருக்கட்டும். சிறப்புப் பள்ளியில் கொடுத்த அறிக்கை, ஆஸ்பத்திரி அட்டை, பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வேலை செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான் டிசபிலிட்டி கிராண்டின் கேள்வி; பிள்ளை நல்லவனா, சொன்னதைக் கேட்பானா என்பதல்ல.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 90 நாளுக்குள் சமூக உதவி மேல்முறையீட்டுத் தனித் தீர்ப்பாயத்துக்கு எழுதலாம், செலவில்லை. புதிய மருத்துவச் சான்று இருந்தால் இணைத்துவிடுங்கள்.

"தற்காலிகம்" என்று கொடுத்திருக்கிறார்கள். பிறவிக் குறை எப்படித் தற்காலிகமாகும்?

ஆகாதுதான். தற்காலிகம் என்றால் ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம்வரை, பிறகு நின்றுவிடும். பன்னிரண்டு மாதத்துக்குமேல் நீடிக்கும் இயலாமைக்கு நிரந்தரம். அறிக்கையில் நோயின் பெயரோடு "வாழ்நாள் முழுவதும்" என்ற சொல்லும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக் கேளுங்கள்.

மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பணத்தை யார் வாங்குவது?

சாசாவில் புரொக்யூரேட்டர் என்று ஒருவரை அமர்த்தலாம். பயனாளிக்காகப் பணத்தைப் பெற்று அவருக்காகச் செலவிடுகிறவர் அவர். பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா. இங்கேதான் என் பழைய பல்லவி: உங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே பேசி முடியுங்கள். புரொக்யூரேட்டர் இறந்தால் பணம் எடுக்க ஆளில்லாமல் போகும்; தொடர்ந்து மூன்று மாதம் எடுக்காமல் கிடந்தால் கிராண்டே காலாவதியாகும். சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் யாருக்கு சாசா ஞாபகம் வரும்? அக்காவோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும், பொறுப்பேற்கப்போகிறவரை ஒருதரம் ஆபீசுக்குக் கூட்டிப்போய் நடைமுறையைக் காட்டிவிடுங்கள்.

கிராண்ட் தவிர வேறு பணமும் சொத்தும் இருந்தால் புரொக்யூரேட்டர் போதாது. 18 வயதோடு பெற்றோரின் சட்டப்படியான காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அது எழுதித் தருகிறவருக்குப் புத்தித் தெளிவு இருக்கும்வரை மட்டுமே செல்லும். இல்லாதவர் எழுதித் தரவே முடியாது. கடும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவரின் சொத்தை நிர்வகிக்க, 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்னும் அதிகாரி ஒரு நிர்வாகியை நியமிப்பார். பெரிய சொத்தென்றால் உயர் நீதிமன்றமே கியூரேட்டர் என்னும் சொத்துப் பொறுப்பாளரை நியமிக்கும்; அந்த வழியில் வக்கீல் செலவு அதிகம்.

என் அரசு பென்ஷன் எனக்குப் பிறகு மகனுக்குப் போகுமா?

ஜி.ஈ.பி.எஃப். என்று நாம் சொல்லும் அரசு ஊழியர் பென்ஷன் நிதியில் இருப்பவர்களுக்கு இது. நீங்கள் இறந்தால் துணைக்கு உங்கள் பென்ஷனில் 50 விழுக்காடு. ஓய்வு பெறும்போதே தேர்ந்தெடுத்திருந்தால் 75, அதற்கு ஈடாக உங்கள் தொகையில் கொஞ்சம் குறையும். பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் 75ஐ நான் சிபாரிசு செய்வேன். ஓய்வு பெற்று ஐந்தாண்டுக்குள் இறந்தால் அந்த ஐந்தாண்டில் மீதமுள்ள காலத்துக்கான பென்ஷன் மொத்தமாகக் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கான பென்ஷனும் அதன் விதிகளில் உண்டு. ஆனால் உங்கள் மகன் இருப்பதும், அவர் உங்களைச் சார்ந்தே இருப்பதும் அவர்கள் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். இன்னும் வேலையில் இருப்பவர்கள் டபிள்யூபி 1002 என்ற நியமனப் பாரத்தில் பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பாரத்தில் இன்னும் அம்மாவின் பெயரே இருக்கும். நிறையப் பேருக்கு அப்படித்தான்.

நான் ஆலைத் தொழிலாளி. பிராவிடண்ட் ஃபண்டில் மனைவி பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தனியார் நிதிகளுக்கு 1956ஆம் ஆண்டின் பென்ஷன் நிதிச் சட்டம், 37சி பிரிவு. அதன்படி நீங்கள் வேலையில் இருக்கும்போது இறந்தால், உங்களைச் சார்ந்தவர்கள் யார் யார் என்று நிதியின் அறங்காவலர்களே விசாரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். நியமனப் பாரம் அவர்களுக்கு ஒரு துப்பு மட்டுமே. உயில் அவர்களைக் கட்டாது. வயது வந்தாலும் உங்களையே நம்பியிருக்கும் பிள்ளை சார்ந்தவரில் சேர்த்தி. விசாரிக்க வரும்போது அவர் கண்ணில் பட வேண்டும், ஆகவே பாரத்தில் பெயரை எழுதி, பக்கத்திலேயே "மாற்றுத்திறனாளி, முழுக்க என்னைச் சார்ந்தவர்" என்றும் எழுதுங்கள்.

ஓய்வுக்கால நிதியைச் சேமிப்பு, ஓய்வு என்று இரு பங்காகப் பிரிக்கும், 2024 செப்டம்பரில் வந்த இரட்டைக் குடத் திட்டத்தில் சேமிப்புக் குடத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை எடுக்கலாம் என்பதால் காவடிச் செலவுக்கும் கார் டயருக்கும் எடுக்கிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டு நிலைமையில் வேண்டாம்.

வீட்டையும் சேமிப்பையும் மகன் பெயருக்கே எழுதிவைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ரொக்கமாக ஒரு பெருந்தொகை அவர் பெயருக்கு வந்தால், சொத்து வரம்பைத் தாண்டிக் கிராண்ட் நின்றுபோகலாம். குடியிருக்கும் வீடு சோதனையில் வராது என்றாலும், விற்கவோ பழுதுபார்க்கக் கடன் வாங்கவோ கையெழுத்துப் போட அவரால் முடியாது.

இதற்கென்றே வருமான வரிச் சட்டத்தில் சிறப்பு அறக்கட்டளை என்ற வசதி இருக்கிறது. இயலாமை உள்ளவரின் நலனுக்காக மட்டும் அமைப்பது; சாதாரண அறக்கட்டளைக்கு 45 விழுக்காடு வரி என்றால், இதற்குத் தனிநபருக்குரிய 18 முதல் 45 வரையிலான படிநிலை. உயிலிலேயே எழுதிவைக்கலாம், நீங்கள் இறந்தபின் அது உருவாகும். அறங்காவலராகக் குடும்பத்தில் ஒருவரும் வெளியாள் ஒருவரும் இருப்பது நல்லது. அண்ணன் தம்பி மீது சந்தேகம் என்பதற்காக அல்ல, அவர்கள் தலையில் வம்பு ஏறாமல் இருப்பதற்காக.

"தங்கச்சி பார்த்துக்கொள்வாள்" என்று வீட்டை மகளுக்கே எழுதுவதும் நம்மிடம் வழக்கம். மகள் தங்கமாகவே இருக்கட்டும். அவருக்கு விவாகரத்து, கடன், மரணம் எதுவும் வராது என்று யார் உறுதி சொல்வது?

வரியில் ஏதாவது கழியுமா?

வரி கட்டுகிறவராக இருந்தால் கழியும். இயலாமையை உறுதிசெய்து டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட்ட ஐடிஆர்-டிடி பாரம் கையில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி, டயப்பர், பராமரிப்பாளர் சம்பளம் போன்றவற்றில் தகுதியுள்ள செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு வரிச் சலுகையாகத் திரும்பும். ரசீது இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

அப்பா இதையெல்லாம் பிச்சை என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் அரசிடம் கைநீட்டியதில்லையாம்.

கைநீட்டியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1928இல் இந்த நாட்டில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தபோது இந்தியர்களையும் கறுப்பினத்தவரையும் வெளியே நிறுத்தினார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்த தலைமுறைக்கு ஒரு சல்லிக்காசு இல்லை. 1944இல் சேர்த்தார்கள், அதுவும் வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைத்து. எல்லா இனத்துக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993இல். தாத்தாவுக்கு மறுக்கப்பட்டதைப் பேரன் வாங்குவதில் என்ன மானக்கேடு? கடையில் உப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற வீடு நம்முடையது.

ஆபீஸ் வாசலில் ஒருவர் 500 ராண்டு கேட்கிறார், சீக்கிரம் முடித்துத் தருகிறாராம்.

விண்ணப்பம் இலவசம். சந்தேகம் இருந்தால் சாசாவின் கட்டணமில்லாத எண் 0800 60 10 11. அதே வாசலில் மஷோனிசாக்கள் எனப்படும் கந்துவட்டிக்காரர்களும் நிற்பார்கள். கடனுக்கு ஈடாக அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கிவைத்துக்கொள்வார்கள். பிள்ளையின் அட்டையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

மகனை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத நிலை.

டாக்டரின் கடிதத்தோடு குடும்பத்தில் ஒருவர் அவருக்காக விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கே வந்து பார்க்கும்படியும் கேட்கலாம்.

எங்களுக்கு முடியாமல் போய் மகனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தால்?

அரசோடு ஒப்பந்தம் உள்ள இல்லமோ மனநல ஆஸ்பத்திரியோ என்றால், சேர்ந்த நான்காம் மாதம் முதல் கிராண்ட் 25 விழுக்காடாகக் குறையும். வெளியே வந்ததும் முழுத்தொகை திரும்பும், ஆனால் நீங்கள் போய்ச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கிராண்ட்-இன்-எய்ட் அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்குக் கிடையாது. முற்றிலும் அரசு செலவில் இருப்பவருக்கு டிசபிலிட்டி கிராண்டும் இல்லை.

பழனிக்கு நேர்த்திக்கடன். மகனையும் கூட்டிக்கொண்டு இந்தியாவில் சில மாதம் தங்கிவரலாமா?

90 நாளுக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் நாட்டில் இல்லாவிட்டால் கிராண்டுக்கு ஆபத்து; உங்கள் முதியோர் பென்ஷனுக்கும் இதே விதிதான். போகுமுன் சாசாவில் தெரிவித்து எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணம் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தாலும் மாதாமாதம் எடுக்கப்படுகிறதா என்பதை ஊரில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதியை 80ஆம் நாளுக்குள் வையுங்கள். விமானம் தள்ளிப்போனாலும் கையில் பத்து நாள் இருக்கும்.